புதுப்பிப்பு: தண்ணீரில் கரைந்த நானோ இழைச் சவ்வு இப்போது கரையாமல் நிற்கிறது

சென்ற முறை கேட்டது இதுதான்: கதம்பல் (தேங்காய் மட்டை) ஊறிய தண்ணீரில் இருக்கும் பீனால்கள் என்ற மாசுகளை நீக்க, அவற்றை ஆக்சிஜனேற்றும் லாக்கேஸ் நொதியைப் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமரின் கரைசலில் கலந்து மின்புலத்தில் இழையாக நூற்றேன். சவ்வு தண்ணீர் பட்டதும் கூழாகிவிட்டது.

காரணம் எளிது. இந்தப் பாலிமரே தண்ணீரில் கரைவது. இழைகளைக் குறுக்குப் பிணைப்பால், அதாவது பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் இணைத்து, கட்ட வேண்டும். குளுட்டரால்டிஹைடு அப்படி இணைக்கும் வேதிப்பொருள். நாகர்கோவில் அண்ணன் ஒருவர், "கரைசல்ல முக்காத மக்கா, குளுட்டரால்டிஹைடு ஆவியில வை" என்றார். அப்படியே செய்தேன், சவ்வு நின்றது. ரொம்ப நன்றி அண்ணே!

ஆனால் நேரம்தான் எல்லாம். ஆவி நொதியின் அமினோ குழுக்களையும் பிடித்துக்கொள்கிறது. இரவு முழுக்க வைத்த துண்டு உறுதியாக இருந்தது, ஆனால் ஏபிடிஎஸ் (லாக்கேஸ் வேலை செய்தால் பச்சையாகும் சோதனைப் பொருள்) கரைசலில் பச்சை நிறம் வரவே இல்லை. சில மணி நேரமே வைத்த துண்டில் நிறம் நன்றாக வந்தது. அந்த நிறத்தை 420 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்தும் பார்த்தேன். முதல் கழுவலில் கொஞ்சம் நொதி வெளியேறுகிறது, அது இன்னும் வருத்தம்தான்.

அப்புறம் நம்மூர் ஈரக்காற்று. சாரல் நாளில் இழை காயாமல் மணிமணியாக விழுந்தது. பெட்டியை மூடி உள்ளே சிலிக்கா ஜெல் வைத்த பிறகே சீரானது.

அடுத்து ஈத்தாமொழிப் பக்கத்துத் தண்ணீரில் சோதனை. உப்பிலுள்ள குளோரைடு லாக்கேஸைத் தடுக்கும் என்பதால், முதலில் உப்பின் அளவைப் பார்க்கிறேன்.