ஃபாக்லாந்து போர் நடக்காமல் போயிருந்தால் தாட்சர் என்ன ஆகியிருப்பார்?

கரிசல்:
1981 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். கேலப் கருத்துக்கணிப்பில் அவர் பிரதமராக நடந்துகொள்வது திருப்தி என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 25 பேர்தான். அடுத்த மாதமே வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. எதிர்க்கட்சியான லேபர் கட்சியிலிருந்து ராய் ஜென்கின்ஸ், ஷெர்லி வில்லியம்ஸ், டேவிட் ஓவன், பில் ராட்ஜர்ஸ் நான்கு பேரும் வெளியேறித் தொடங்கிய சமூக ஜனநாயகக் கட்சிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை, ஆனால் லிபரல்களோடு சேர்ந்து அதே கேலப்பில் 50 சதவீதம் காட்டியது. கிராஸ்பி, அப்புறம் கிளாஸ்கோவில் ஹில்ஹெட் என்று தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சி இடங்கள் இடைத்தேர்தலில் கைமாறின. ஹில்ஹெட்டில் ஜென்கின்ஸ் ஜெயித்தது 1982 மார்ச் 25. சரியாக எட்டு நாள் கழித்து அர்ஜென்டினா படை தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் இறங்குகிறது.

அந்த எட்டாம் நாளை எடுத்துவிடுங்கள். அர்ஜென்டினா ராணுவ ஆட்சித் தலைவர் கால்டியேரி படை அனுப்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். என் கணக்குப்படி தாட்சர் கடைசி கெடுவான 1984 மே வரை தேர்தலை இழுப்பார், யாருக்கும் பெரும்பான்மை வராது, ஜென்கின்ஸ் கை ஓங்கும். வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரத் தேர்தல் முறையைக் கேட்காமல் அவர் யாரையும் ஆதரிக்க மாட்டார். ஒரே தடவை ஆண்டுவிட்டுப் போன பிரதமர் என்று தாட்சரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ரெண்டு பத்தி இருக்கும்.

பேரேடு:
கரிசல், டிசம்பரிலேயே நின்றுவிட்டீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை என்ன நடந்தது என்றும் பாருங்கள். போருக்கு முன்பே கன்சர்வேட்டிவ் ஆதரவு ஏற ஆரம்பித்துவிட்டது, லிபரல்-சமூக ஜனநாயகக் கூட்டணியின் ஆதரவு இறங்க ஆரம்பித்துவிட்டது. 1987இல் சாண்டர்ஸ், வார்ட், மார்ஷ் என்ற மூன்று அரசியல் ஆய்வாளர்கள் இதையே கணக்குப் போட்டுப் பார்த்து, போரால் கிடைத்த ஆதரவு சுமார் 3 சதவீதம், அதுவும் சில மாதங்களுக்குத்தான் என்று எழுதினார்கள். மீதி எல்லாம் பொருளாதாரம் என்பது அவர்கள் முடிவு.

1980இல் 22 சதவீதத்தைத் தொட்ட விலைவாசி உயர்வு 1983 தேர்தல் சமயத்தில் 4 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. 30 லட்சம் பேருக்கு வேலை இல்லை, உண்மை, கொடுமைதான். ஆனால் வேலையில் இருந்தவர்களின் சம்பளத்துக்கு மறுபடி ஒரு மதிப்பு வந்தது, அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். இன்னொன்று, 1979இல் 43.9 சதவீதம் வாங்கிய கட்சி 1983இல் வாங்கியது 42.4. போர் அலை அடித்தது என்றால் ஓட்டு கூடியிருக்க வேண்டுமே, குறைந்ததே? 144 இடம் பெரும்பான்மை கிடைத்ததற்குக் காரணம் எதிரணி இரண்டாக உடைந்தது. லேபருக்கு 27.6 சதவீதம், 209 இடம். கூட்டணிக்கு 25.4 சதவீதம், வெறும் 23 இடம். இந்தப் பிளவு 1981இலேயே நடந்துவிட்டது. அதற்கும் கால்டியேரிக்கும் சம்பந்தமே இல்லை.

கரிசல்:
பேரேடு, 30 லட்சம் பேரைத் தெருவில் நிறுத்திய அரசுக்கு ஒன்றரை சதவீதம்தான் குறைந்தது என்பதே என் வாதத்துக்குச் சாட்சி. இடைத்தேர்தல்களையும் பாருங்கள். 1982 ஜூன் 3, மிச்சம் மோர்டன் தொகுதி. அங்கிருந்த எம்பி லேபரை விட்டு சமூக ஜனநாயகக் கட்சிக்கு வந்தவர், மக்களிடம் மறுபடி ஒப்புதல் வாங்குகிறேன் என்று நேர்மையாக ராஜினாமா செய்துவிட்டு நின்றார். தோற்றுப்போனார், கன்சர்வேட்டிவ் ஜெயித்தது. ஆளுங்கட்சி எதிரணியிடமிருந்து இடைத்தேர்தலில் ஒரு தொகுதியைப் பறித்தது 1960க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதற்கு ஒரு வாரம் முன்பு பீக்கன்ஸ்ஃபீல்டில் லேபர் சார்பில் நின்று டெபாசிட் இழந்தவர் டோனி பிளேர். போர் உச்சத்தில் இருந்த வாரங்கள் இவை. விலைவாசி குறைந்ததற்காகவா அந்த வாரம் ஓட்டு விழுந்தது?

கப்பல்துறை:
இரண்டு பேருமே போர் என்றால் வெற்றி என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. 1981இல் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் கடற்படையை வெட்டத் திட்டம் போட்டார். இன்வின்சிபிள் விமானந்தாங்கிக் கப்பலை ஆஸ்திரேலியாவுக்கு விற்கப் பேசி முடித்திருந்தார்கள், தென் அட்லாண்டிக்கில் இருந்த எண்டியூரன்ஸ் ரோந்துக் கப்பலையும் திரும்ப அழைக்க முடிவாகியிருந்தது. கால்டியேரி ஒரு வருடம் பொறுத்திருந்தால் அனுப்புவதற்கே கப்பல் இல்லாமல் போயிருக்கும். மார்ச் 31 இரவு, தீவை மீட்பது கஷ்டம் என்று நாட் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடற்படைத் தலைவர் ஹென்றி லீச் சீருடையோடு நாடாளுமன்றத்துக்கே வந்து, முடியும், போயாக வேண்டும் என்றார். அவர் அன்று ஊரில் இல்லாமல் இருந்திருந்தால்?

அப்புறம் ஃபாக்லாந்தின் சான் கார்லோஸ் கடலில் பிரிட்டிஷ் கப்பல்கள் மேல் விழுந்த அர்ஜென்டினா குண்டுகளில் பல வெடிக்கவே இல்லை. அவை வெடித்திருந்தால் தாட்சர் 1982 ஜூனிலேயே வீட்டுக்குப் போயிருப்பார். ஏப்ரல் 5ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார், தோற்றிருந்தால் அடுத்த ராஜினாமா யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. 255 பிரிட்டிஷ் வீரர்கள், 649 அர்ஜென்டினர்கள், 3 தீவுவாசிகள் செத்த ஒரு விஷயத்தை அதிர்ஷ்டம் என்று பேச எனக்கு மனம் வரவில்லை. ஒரு பேச்சுக்குப் போரை எடுத்துவிட்டால் அர்ஜென்டினாவையும் சேர்த்து யோசியுங்கள். தோல்விதான் அந்த ராணுவ ஆட்சியைக் கவிழ்த்தது, 1983 அக்டோபரில் அல்ஃபோன்சின் ஜெயித்தார். போர் இல்லையென்றால் அந்தக் கொலைகாரக் கும்பல் இன்னும் எத்தனை வருடம் உட்கார்ந்திருக்கும்?

பேரேடு:
இந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரிசல் சொல்லும் 'ரெண்டு பத்தி' தாட்சரை மட்டும் ஏற்க மாட்டேன். போர் இல்லாமல் அவர் 1983 இறுதியிலோ 84 தொடக்கத்திலோ நின்றிருந்தாலும் எதிரே இருப்பவர் லேபர் தலைவர் மைக்கேல் ஃபுட்தான். ஐரோப்பியப் பொதுச்சந்தையிலிருந்து வெளியேறுவோம், அணு ஆயுதத்தை ஒருதலையாகக் கைவிடுவோம் என்ற அறிக்கையோடு லேபர் நின்றது, அவர்கள் கட்சியின் ஜெரால்ட் காஃப்மனே அதை வரலாற்றின் மிக நீண்ட தற்கொலைக் குறிப்பு என்றார். 30, 40 இடம் பெரும்பான்மையோடு தாட்சர் திரும்பியிருப்பார்.

பார்ன்ஸ்லிவாசி:
30, 40 இடம் என்றால் கதை வேறு, அண்ணே. நான் யார்க்‌ஷயரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பெரியவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1984-85 வேலைநிறுத்தம் பற்றிப் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் குரல் மாறிவிடும். 1981 பிப்ரவரியில் இதே தாட்சர் சுரங்கங்களை மூடும் திட்டத்தைப் போட்டுவிட்டு, தொழிலாளர்கள் கிளம்பியதும் பின்வாங்கினார். மூன்று வருடம் கழித்து ஒரு வருடம் முழுக்க அசையாமல் நின்றார். மின்நிலையங்களில் நிலக்கரியைக் குவித்து வைத்தது, நாட்டிங்ஹாம்ஷயர் தொழிலாளர்கள் வேலைக்குப் போனது எல்லாம் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கட்சிக்குள் அவரை எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் போனதும் ஒரு காரணம். பெரிய வெற்றிகள் நல்ல ஆட்சியைத் தருவதில்லை என்று தேர்தல் சமயத்தில் சொன்ன பிரான்சிஸ் பிம்மை, தேர்தல் முடிந்ததும் வெளியுறவு அமைச்சர் பதவியிலிருந்தே தூக்கினார். 144 இடம் கையில் இருந்தால்தான் அந்தத் துணிச்சல் வரும். சின்னப் பெரும்பான்மையோடு இருந்த தாட்சர் ஆறாம் மாதமே சமரசம் பேசியிருப்பார். மூடவே மாட்டார்கள் என்றில்லை. மெதுவாக, பணம் கொடுத்து, வேறு தொழில் வந்த பிறகு மூடியிருப்பார்கள். அந்த ஊர்கள் இப்படிச் செத்துக் கிடக்காது.

ஹாரோ அக்கா:
நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், எங்கட பக்கத்தையும் சொல்லவேணும். 1985 ஏப்ரலில் தாட்சர் இலங்கைக்கு வந்து விக்டோரியா அணையைத் திறந்து வைத்தார். அடுத்த மாதமே இலங்கையருக்கு விசா கட்டாயம் என்று அறிவித்தார்கள், கொமன்வெல்த் நாடொன்றுக்கு அதுதான் முதல் தடவை. கரிசல் சொல்லுற ஜென்கின்ஸ் வந்திருந்தால் இது நடந்திருக்காதோ? உள்துறை அமைச்சராக இருந்தபோது இனப்பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்களுக்காக நின்ற மனுசன் அவர், ஆனபடியால் கொஞ்சம் நம்பிக்கை வருது. ஆனால் அந்த நேரம் எந்தக் கட்சி வந்திருந்தாலும் கதவைச் சாத்தியிருக்கும் என்றுதான் என் எண்ணம்.

கரிசல்:
அக்கா சொன்னது எனக்குப் புதிய செய்தி. பேரேடுக்கு ஒரு விட்டுக்கொடுப்பு தருகிறேன். சரி, தொங்கு நாடாளுமன்றம் இல்லை, 30 இடம் பெரும்பான்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 1986 ஜனவரி வருகிறது. வெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர் கம்பெனி விவகாரத்தில் பாதுகாப்பு அமைச்சர் ஹெசல்டைன் அமைச்சரவைக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியேறினார், ரகசியக் கடிதம் கசிந்ததற்காக வர்த்தக அமைச்சர் லியோன் பிரிட்டன் பதவி போனது. 27ஆம் தேதி நாடாளுமன்ற விவாதத்துக்கு முன்னால் தாட்சரே, மாலை 6 மணிக்கு நான் பிரதமராக இருக்க மாட்டேனோ என்னவோ என்று நெருக்கமானவர்களிடம் சொன்னார். போரை வென்றவர் என்ற பெயரும் 144 இடமும் இருந்தே அந்த நிலை. இரண்டும் இல்லாத தாட்சர் அந்த மாலையைத் தாண்டியிருப்பாரா?

பேரேடு:
தாண்டியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. 1990இல் கட்சித் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் 204க்கு 152 என்று ஜெயித்தும் நாலு ஓட்டு போதாமல் போனவர், கட்சிக்காரர்கள் கைவிட்டால் நிற்க முடியாது. ஆக 1986, ஹெசல்டைனோ வேறு யாரோ. ஆனால் அப்போதும் அவர் கையில் ஏழு வருட ஆட்சி இருக்கும், 1980இல் தொடங்கிய, உள்ளாட்சி வாடகை வீடுகளைக் குடியிருப்போருக்கே விற்ற கவுன்சில் வீடு விற்பனையும் 1984இல் விற்ற பிரிட்டிஷ் டெலிகாமும் இருக்கும். உங்கள் ரெண்டு பத்தியை மட்டும் ஒரு அத்தியாயம் ஆக்குங்கள்.

பார்ன்ஸ்லிவாசி:
பிரிட்டிஷ் டெலிகாமை அந்த அத்தியாயத்தில் வையுங்கள், சுரங்கத்தை வைக்காதீர்கள். 1986இல் வீட்டுக்குப் போயிருந்தாலும் எங்கள் தெருவுக்கு அது ஒரு வருடம் தாமதம்தான்.