புதுப்பிப்பு: கிணற்றடி மஞ்சள் களி தூளாகிவிட்டது

போன கிழமை மாரி மழைக்குப் பிறகு, கிணற்றடியில் உக்கின தென்னங்குற்றியில் நாய் கக்கினது மாதிரி மஞ்சளாக ஏதோ படர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். சளிப்பூஞ்சைதான் அது. பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் ஆயிரக்கணக்கான கருக்கள் கொண்ட ஒரே கலம், பாக்டீரியாவைத் தின்றபடி ஊரும்.

நேற்றுப் பார்த்தால் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஈர்க்கால் கிளறினேன். உள்ளே கபிலத் தூள், அத்தனையும் வித்திகள், இதற்கு விதை மாதிரி! கையில் மா போல ஒட்டியது. ஈரம் பட்டால் வித்தி வெடித்து அமீபா போல ஒன்று வெளிவரும். தண்ணீர் கூடினால் அதற்குச் சவுக்குமுளை, அதாவது சாட்டை மாதிரி ஒரு வால், வந்து நீந்தும். ஒத்துப்போகிற இரண்டு சேர்ந்தால்தான் அடுத்த மஞ்சள் களி.

அம்மம்மா சாம்பல் போட்டு மூடச் சொன்னா. சரி சரி என்றுவிட்டுக் குற்றியை வேலியோரம் ஒளித்து வைத்திருக்கிறேன்.