பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த பந்து: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கார்த்திக் (பிட்ஸ்பர்க்), மாலை 6:10
அனைவருக்கும் வணக்கம். முதியோர் இல்லத்துக்குக் குடிபெயரவிருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் நேற்று எங்கள் மகனை அழைத்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியினர் கையெழுத்திட்ட பழைய பேஸ்பால் ஒன்றைக் கொடுத்தார். 1960இல் அணி, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பைப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது அது தம் தந்தைக்குக் கிடைத்ததாகச் சொல்கிறார். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பந்து நன்றாகப் பழுப்பேறியிருக்கிறது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைக்கலாமா என்பதை, அருங்காட்சியகத்தில் முப்பது ஆண்டுகள் தோலோடும் ஓலையோடும் பழகிய மீனாட்சி அத்தைதான் சொல்ல வேண்டும்.

மீனாட்சி அத்தை, 6:24
துடைக்காதே, கார்த்திக். ஸ்பிரிட் பட்டால் பால்பாயின்ட் மை கரைந்துவிடும். கையெழுத்துகளின் மேல் ஒரு மினுமினுப்புத் தெரிவதைப் பார்த்தால், எழுத்து அழியாதிருக்கட்டும் என்று அக்காலத்தில் யாரோ அரக்கு வார்னிஷ் பூசியிருக்கிறார்கள் என்றும், அதுவே நாள்பட்டுப் பழுப்பாகியிருக்கிறது என்றும் தோன்றுகிறது. அதை உரிக்கப் போனால் மையும் சேர்ந்து வந்துவிடும். புளி போட்டுத் துலக்குவதற்கு இது பித்தளைச் சொம்பு அன்று.

அருண், 6:31
அண்ணா, அந்த அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் ராபர்டோ கிளெமென்டேயின் பெயர் இருக்கிறதே! அவருடைய கையெழுத்துக்கு இணையத்தில் பெருந்தொகை கேட்கிறார்கள்.

தேன்மொழி, 6:47
அருண், விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஏலத்தில் உண்மையாகவே விற்ற விலையைத் தேடிப் பார். கிளெமென்டே 1972 டிசம்பர் 31 அன்று, நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசென்ற விமானம் கடலில் விழுந்து, 38 வயதிலேயே இறந்தார். அதற்குப் பிறகு ஒரு கையெழுத்துகூடப் புதிதாக வர வழியில்லை என்பதால்தான் தேவை மிகுதி. போலிகளும் அதனாலேயே மிகுதி.

அண்ணா, பந்தில் அச்சிட்டிருப்பதை முதலில் படித்தேன். ஸ்பால்டிங் நிறுவனத்தின் பந்து; பைரேட்ஸ் ஆடும் நேஷனல் லீக் என்னும் அணிக் கூட்டமைப்பின் தலைவர் வாரன் ஜைல்ஸின் பெயர் இருக்கிறது. அவர் 1951 முதல் 1969 வரை தலைவராக இருந்தவர். ராலிங்ஸ் என்று இருந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும், ஏனென்றால் லீகுகளுக்கான பந்துகளை அந்நிறுவனம் தரத் தொடங்கியது 1977இல்தான்.

ஆனால் பெரியவர் சொல்லும் 1960 பொருந்தவில்லை. வில்லி ஸ்டார்ஜெல் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் இந்த அணிக்கு முதன்முதலில் ஆடியது 1962 செப்டம்பரில். 1960 அணியின் தூணாக இருந்த டிக் குரோட்டின் பெயரைக் காணவில்லை. அவர் 1962 பருவம் முடிந்ததும் செயின்ட் லூயிஸுக்குப் போய்விட்டார். தையல்கள் மிக நெருங்கி வரும் ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்னும் இடத்தில், அணிப் பந்துகளில் வழக்கமாக உள்ளபடி, மேலாளர் டேனி மர்ட்டாவின் கையெழுத்து இருக்கிறது. அவர் 1964 முடிவில் விலகியவர். அவர் 1967இல் சில காலம் திரும்பி வந்தார் என்றாலும், 1965க்குப் பின் அணியில் இல்லாத பாப் ஃபிரெண்டின் கையெழுத்தும் இருப்பதால், இது 1963 அல்லது 1964ஆம் ஆண்டுப் பந்து என்றே எனக்குப் படுகிறது. கோப்பை வென்ற அணியின் பந்து என்ற சிறப்புப் போய்விடுகிறது. பந்து பொய் சொல்லவில்லை என்பது மிஞ்சுகிறது.

கார்த்திக், 6:58
அப்படியானால் உண்மையானதுதானே?

தேன்மொழி, 7:06
பந்தின் காலம் சரியென்பதால் கையெழுத்தும் சரியென்று ஆகிவிடாது. நட்சத்திர ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக அணியின் உடைமாற்று அறைப் பணியாளர்களே கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. கிளெமென்டேயின் எழுத்தோட்டம் அதே பந்திலுள்ள வேறு யாருடைய எழுத்தையாவது ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கட்டணம் பெற்று ஆராய்ந்து கருத்துச் சொல்கின்றன, அதுவும் கருத்துத்தான். விற்பவர் தாமே அச்சிட்டுத் தரும் சான்றிதழை நம்பவே கூடாது. போலிக் கையெழுத்துகளைப் பிடிக்க 1990களில் எஃப்.பி.ஐ. தொடங்கிய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில், அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால்கள்கூடச் சிக்கின.

மீனாட்சி அத்தை, 7:20
சோதனைக்கு அனுப்பும்வரை நான் சொல்வதைச் செய். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் ஜன்னலைப் பார்த்து வைக்காதே. பழைய மையை வெளிறச் செய்வது வெளிச்சம்; புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பெட்டி அதைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. நிலவறையில் ஈரம், பரணில் வெப்பம். ஆகவே வீட்டின் உட்புற அறை அலமாரியே நல்லது. ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும். இறுக்கமான பிளாஸ்டிக் உறையில் போட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அமிலமற்ற தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வை. எடுக்கும்போது கையெழுத்தின் மேல் விரல் படக் கூடாது. எடுத்துப் பார்க்க ஆசை வந்தால், படத்தைப் பார்த்துக்கொள்.

பெரியப்பா, 7:34
இவ்வளவும் சரி. தம்பி கார்த்திக், கொடுத்தவருக்கு இதன் மதிப்புத் தெரியுமா? சிறுவன் விளையாடட்டும் என்று கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா? சோதனைக்கு அனுப்புமுன் அவரிடமும் அவர் பிள்ளைகளிடமும் சொல்லிவிடு. வேண்டுமென்றால் திரும்பக் கொடுத்துவிடு.

கார்த்திக், இரவு 10:15
போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், பெரியப்பா. அவருடைய மகளும் உடன் இருந்தார். கிளெமென்டேயின் பெயர் இருப்பது தமக்குத் தெரியும் என்றும், அதனால்தான் பழைய பொருள் வாங்குபவரிடம் விற்காமல் குழந்தையிடம் கொடுத்ததாகவும் சொன்னார். மகளும் அதையே சொன்னார். பந்து வந்த கதையைக் கைப்பட எழுதித் தரும்படி கேட்டேன். 1963 அல்லது 1964 என்று தேன்மொழி கணக்கிட்டதையும் சொன்னேன்.

மீனாட்சி அத்தை, 10:19
கடிதத்தில் நீ எதையும் திருத்தவில்லையே?

கார்த்திக், 10:22
இல்லை, அத்தை. சிரித்துக்கொண்டே 1960 என்றுதான் எழுதிக் கையெழுத்திட்டார். அப்படியே உறையிலிட்டு, தேன்மொழியின் குறிப்பைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.