பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் எப்போதாவது சரியாக இருந்திருக்கிறார்களா?

இரவுப்பணி:

வணக்கம். நான் செவிலியர். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனா வார்டில்தான் இருந்தேன். என் கேள்வி தம்பியைப் பற்றியது. ஆனால் பதில் வரலாறு படித்தவர்களிடம் இருக்கும் என்று நினைத்து இங்கே கேட்கிறேன்.

தம்பி விழாக்களுக்கு மைக், ஸ்பீக்கர், மேடை விளக்கு வாடகைக்கு விடுகிறவன். 2020 மார்ச்சில் முதல் ஊரடங்கு வந்த வாரமே கையிலிருந்த விழா எல்லாம் ரத்தானது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் வேனை விற்றான், பெரிய ஸ்பீக்கர்களில் ஒரு ஜோடியை விற்றான். இதெல்லாம் எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். வார்டிலிருந்து வந்து குளித்துவிட்டுத் தனி அறையில் படுப்பேன், எழுந்தால் மறுபடி வார்டு.

2021இல் ஒரு நாள் இரவுப் பணி முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். கட்டுப்பாடுகளை எதிர்த்து ஊர்வலம், பேருந்து அரை மணி நேரம் நின்றுவிட்டது. யாரும் முகக்கவசம் போடவில்லை. சிலர் குழந்தைகளைத் தோளில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் போன லாரியில் கட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டியின் இடது மூலை நசுங்கியிருந்தது. எனக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். மாடிப்படியில் தம்பியும் நானும் தூக்கிக்கொண்டு இறங்கும்போது என் கை நழுவித்தான் அது நசுங்கியது. மைக்கில் ஒருவர், மருத்துவமனைகள் எல்லாம் காலியாகக் கிடக்கின்றன, நம்மைப் பயமுறுத்துகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். அன்று விடியற்காலை நாலு மணிக்கு ஒருவருடைய கண்ணை மூடிவிட்டு வந்திருந்தேன். அவர் மனைவி கடைசியாகப் பார்க்கட்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டே நின்றதில் தோள்பட்டை வலித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டேன். காசுக்குப் போனாயா, நம்பிப் போனாயா என்று கேட்டேன். "ரெண்டும்தான் அக்கா" என்றான். சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் பேச்சு.

இப்போது அவன் மகள் கல்லூரியில் இருக்கிறாள். "அத்தை, பெருந்தொற்றுக் காலப் போராட்டங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதணும். அப்பா ஒரு மாதிரி சொல்றார், நீங்க சொல்லுங்க" என்று கேட்கிறாள். என் கோபத்தை அந்தப் பிள்ளை தலையில் இறக்கி வைக்க எனக்கு மனமில்லை. இதற்கு முன்பும் இப்படி எதிர்த்தவர்கள் இருந்தார்களா? அவர்கள் பக்கம் நியாயம் இருந்த சமயம் உண்டா? எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

பழைய ஏடு:

அம்மா, முப்பது வருடம் வரலாறு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மருமகளுக்கு முதலில் 1904 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவில் நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கிற எல்லாமே அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது.

அப்போது பிரேசிலின் தலைநகரம் அதுதான். பெரியம்மையும் மஞ்சள் காய்ச்சலும் பிளேக்கும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுகாதாரப் பொறுப்பில் இருந்தவர் ஓஸ்வால்டோ குரூஸ் என்ற மருத்துவர். அம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் சட்டம் அக்டோபர் 31இல் வந்தது. அதற்கான விதிகளின் வரைவு பத்திரிகையில் கசிந்தது. பள்ளியில் சேர, வேலைக்குப் போக, பயணம் செய்ய, கல்யாணம் செய்துகொள்ளக்கூட ஊசி போட்ட சான்று வேண்டும் என்று அதில் இருந்தது. நவம்பர் 10இல் ஊர் பற்றிக்கொண்டது. டிராம் வண்டிகளைக் கவிழ்த்தார்கள், தெருவிளக்குகளை உடைத்தார்கள், சாலைகளில் தடுப்பு எழுப்பினார்கள். அடங்குவதற்குள் சுமார் 30 பேர் இறந்தார்கள். 945 பேர் கைதானார்கள், அவர்களில் 461 பேர் அதே நாட்டின் தொலைதூரத்து அக்ரே காட்டுப் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஊசியைக் கண்டு பயந்த அறியாத ஜனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நானும் பல வருடம் அப்படித்தான் வகுப்பில் சொன்னேன், அது தப்பு. அந்த நேரத்தில் நகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று மேயர் பெரேரா பாசோஸ் ஏழைகளின் குடியிருப்புகளை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். முதல் மாதம் சுகாதாரத்தின் பெயரால் வீட்டை இடித்த அரசாங்கம், அடுத்த மாதம் அதே சுகாதாரத்தின் பெயரால் சட்டையைக் கழற்று, கையைக் காட்டு என்றால் யார் நம்புவார்கள்? இதற்குள் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த சில ராணுவ அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் புகுந்துகொண்டார்கள். ஏழையின் கோபத்தில் அவர்களுக்கு வேறு கணக்கு இருந்தது.

அரசு கட்டாயத்தை நிறுத்தி வைத்தது. போராட்டம் ஜெயித்தது என்றுதான் சொல்லவேண்டும். நாலே வருடத்தில், 1908இல், பெரியம்மை திரும்பி வந்து ரியோவில் ஆறாயிரம் பேருக்கு மேல் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் யாராக இருந்திருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்த மக்களின் மனக்குறை நிஜம். ஆனால் அவர்கள் எதிர்த்த பொருள், அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருள். இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

எதிர்த்தவர்கள் முழுக்கச் சரியாக இருந்த இடமும் உண்டு. 1900இல் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் வந்தபோது சீனர்கள் வாழ்ந்த பகுதியை மட்டும் கயிறு கட்டி அடைத்தார்கள். அந்தக் கயிறு நடுவில் இருந்த வெள்ளையர் கடைகளையும் வீடுகளையும் சுற்றி வளைந்து வளைந்து போனது. ஆசியர்கள் ஊரைவிட்டு வெளியே போகவேண்டுமானால் ஊசி போட்டிருக்கவேண்டும் என்று தனி விதி வேறு. சீனர்கள் நீதிமன்றம் போனார்கள், இரண்டுமே ரத்தாயின. பிளேக் பொய்யில்லை, நிஜமாகவே இருந்தது. கிருமி தோலின் நிறம் பார்த்துப் பரவுவதில்லை, விதி மட்டும் நிறம் பார்த்தது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரமும் படிக்கவேண்டிய கதை. 1885 மார்ச்சில் அங்கே கட்டாய அம்மைத் தடுப்பூசிக்கு எதிராகப் பெரிய ஊர்வலம் நடந்தது. குழந்தைக்கு ஊசி போடாத தகப்பனுக்குத் திரும்பத் திரும்ப அபராதம், கட்டாவிட்டால் வீட்டுச் சாமான் ஜப்தி, சிலருக்குச் சிறை. பணக்காரன் கட்டிவிட்டுப் போய்விடுவான். 1898இல் மனசாட்சியின் பேரில் விலக்குக் கேட்கலாம் என்று சட்டமே மாறியது.

நடந்தவன்:

நான் ஊர்வலத்தில் நடந்தவன். என்னைத் திட்டுவார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஓட்டல் சமையலறையில் வேலை. மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். வாடகை மட்டும் மூடவில்லை. எனக்குக் கட்டுப்பாடு பிடிக்காமல் இல்லை, அது எங்கள் மேல் மட்டும் விழுந்ததுதான் தாங்கவில்லை. வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்த்து முழுச் சம்பளம் வாங்கியவர்கள், இன்னும் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்குப் புத்தி சொன்னார்கள். பிரிட்டனில் பிரதமர் போரிஸ் ஜான்சனே 2020 ஜூனில் டவுனிங் தெருவில் கூட்டம் கூடியதற்காக 2022இல் அபராதம் கட்டினார். அவர் போட்ட விதியால், அங்கே சாகிற தாய் தகப்பனைப் பார்க்கக்கூட முடியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்.

முதல் ஊர்வலத்துக்குப் போனதற்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை. எங்கள் கையில் இருந்த அட்டையில் "வாடகைக்கு வழி சொல்லுங்கள்" என்றுதான் எழுதியிருந்தோம். மூன்றாவது ஊர்வலத்தில் மேடையில் வேறு ஆட்கள். செவிலியர்கள் எடுத்த நடன வீடியோவைப் பெரிய திரையில் போட்டு, பாருங்கள், நோயாளியே இல்லாமல் ஆடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். கூட்டம் சிரித்தது. எனக்கு அடுத்து நின்றவரும் சிரித்தார், அவர் என்னோடு பாத்திரம் கழுவியவர், நல்ல மனிதர். நான் அட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வாடகையைப் பற்றி அன்று யாரும் பேசவே இல்லை.

சகோதரி, உங்கள் தம்பி "ரெண்டும்தான்" என்று சொன்னாரே, அது உண்மையான பதில். பொய் சொல்ல நினைத்திருந்தால் ஒன்றைச் சொல்லியிருப்பார்.

களப்பணி:

தொற்று நோய்த் தடுப்பில் தொடர்பறியும் வேலை பார்த்தவள் நான். வீடு வீடாகப் போய், யாரோடு பேசினீர்கள், எங்கே போனீர்கள் என்று கேட்கும் வேலை. கதவை அறைந்து சாத்தியவர்களும் உண்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தவர்களும் உண்டு.

2014இல் லைபீரியாவின் தலைநகரம் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயிண்ட் என்ற நெருக்கமான குடியிருப்பில் எபோலா வந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் அங்கே ஒரு பள்ளியில் நோயாளிகளை வைத்தார்கள். மக்கள் ஆகஸ்ட் 16இல் அதைச் சூறையாடினார்கள், நோயாளிகள் ஓடிப்போனார்கள். அது எவ்வளவு ஆபத்து என்று என் போன்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அடுத்து அரசு செய்தது அதைவிட மோசம். ஆகஸ்ட் 20 காலையில் எழுந்து பார்த்தால் சுற்றிலும் முள்வேலி, ராணுவம். உள்ளே பல்லாயிரம் பேர். சாப்பாட்டுக்கு என்ன வழி என்று யாரும் யோசிக்கவில்லை. கூட்டம் வேலியை நோக்கி வந்தபோது சுட்டார்கள், ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் வேலியை எடுக்கவேண்டி வந்தது.

வேலியால் ஆகாததை, பிற்பாடு அந்தந்தத் தெருக்காரர்களே பொறுப்பெடுத்துச் செய்தார்கள். காய்ச்சல் யாருக்கு, யார் வீட்டில் சாவு என்று அவர்களே கதவைத் தட்டிக் கேட்டார்கள்.

ஐயா சொன்ன லெஸ்டரிலும் இதுதான் நடந்தது. ஊசியை எதிர்த்த அதே ஊர், அம்மை வந்தால் உடனே தகவல் சொல்வது, நோயாளியைத் தனியே வைப்பது, கூட இருந்தவர்களைத் தனிமைப்படுத்தி அவர்கள் இழந்த கூலிக்கு ஈடு கொடுப்பது என்று ஒரு முறையை உண்டாக்கியது. கூலிக்கு ஈடு கொடுத்ததை அடிக்கோடு போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் அங்கேயும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர்கள் தடுப்பூசி போட்டவர்கள்தான், அதையும் விட்டுவிடக்கூடாது.

எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்டீர்கள். நான் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்பேன். விதி போட்டவரிடம்: இதைக் கடைப்பிடிக்கிறவன் சாப்பிட என்ன செய்தீர்கள், எப்போது எடுப்பீர்கள், உங்களுக்கும் இது உண்டா? எதிர்க்கிறவரிடம்: நீங்கள் சுமக்க மறுப்பதை யார் சுமக்கப் போகிறார்? சீனாவில் 2022 நவம்பரில் உரும்சி நகரத் தீ விபத்துக்குப் பிறகு ஊரடங்கை எதிர்த்து வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே, அவர்கள் முதல் மூன்று கேள்வியையும் கேட்டார்கள். நோயே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்வரில் எடுத்த ஒரு படம் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஊரடங்கை எதிர்த்து வந்த வண்டிகளுக்கு முன்னால், பணிச்சீருடையோடு மருத்துவ ஊழியர் ஒருவர் சாலையில் பேசாமல் நிற்பார். அதை ரொம்ப நாள் என் போனில் வைத்திருந்தேன். அன்று பேருந்திலிருந்து இறங்கி அப்படி நின்றிருக்கவேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இப்போதும் நினைக்கிறேன். மருத்துவமனை காலி என்று சொன்னது பொய். அதை நான் எந்தக் காலத்திலும் ஒரு கருத்து என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஆனால் "நடந்தவன்" எழுதியதைப் படித்த பிறகு ஒன்று உறைத்தது. வேனை எவ்வளவுக்கு விற்றாய் என்று தம்பியிடம் நான் கேட்டதே இல்லை. நேற்று இரவு கூப்பிட்டுக் கேட்டேன். வாங்கியதில் பாதிகூட வரவில்லையாம். அதில் மூன்று மாத வாடகையும் மகளின் பள்ளிக் கட்டணமும் போனதாம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவனாகவே சொன்னான்: "அந்த ஆள் ஆஸ்பத்திரி காலியா இருக்குன்னு பேசினப்ப நான் வால்யூமைக் குறைச்சேன் அக்கா. ஆஃப் பண்ணலை."

"பண்ணியிருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றான்.

மருமகளுக்கு ரியோவையும் வெஸ்ட் பாயிண்டையும் சொல்லிவிட்டேன். அப்பாவையும் பேட்டி எடுத்து எழுதப் போகிறாளாம், என்னையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். பழைய ஏடு ஐயா, லெஸ்டரில் அபராதம் கட்டாமல் சிறைக்குப் போனவர்களைப் பற்றி அவள் இன்னும் கேட்கிறாள். முடிந்தால் கொஞ்சம் எழுதுங்கள்.