மகளிர் குழு, சின்னக் கடன்: நீங்க நேர்ல பார்த்ததைச் சொல்லுங்க

தர்மபுரி மருமகள்:
எங்க மாவட்டத்துலதான் 1989-ல அரசாங்கம் மகளிர் குழு ஆரம்பிச்சுது, இஃபாட்னு ஐநா அமைப்பு ஒண்ணு பணம் குடுத்துச்சு. எங்க அத்தை அப்புறமா ஒரு குழுவுல சேர்ந்தாங்க. அதுவரைக்கும் கைமாத்து வேணும்னா கந்துவட்டிக்காரர் வாசல்தான், காதுல இருக்கற கம்மலைக் கழட்டி வெச்சாத்தான் பேச்சே. குழுவுல சந்தா கட்டிச் சேர்ந்த காசை அவங்களுக்குள்ளயே உள்கடனா சுத்த விட்டாங்க, நூத்துக்கு ரெண்டு வட்டி, அந்த வட்டியும் குழுவுக்கேதான் திரும்பி வருது. பணப்பொட்டி ஒருத்தர் வீட்ல, சாவி இன்னொருத்தர் வீட்ல. அப்புறம் பேங்க்ல லோன் கேட்டுப் போனா அங்க இருந்தவர் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா"ன்னு சொல்லிட்டாராம். அத்தை, குழு எடுக்கற முடிவை எழுதி வெக்கற தீர்மான நோட்டை டேபிள்ல விரிச்சு வெச்சு, எங்க எல்லார் கையெழுத்தும் இதுல இருக்கு சார், கட்டப் போறதும் நாங்கதான்னு சொல்லியிருக்காங்க. அந்த லோன்ல வாங்கின கறவை மாடு கன்னு போட்டுக் கன்னு போட்டுத்தான் எங்க வீட்டுக்காரர் காலேஜ் ஃபீஸே கட்டினாங்க.

பழைய களப்பணியாளர்:
அம்மா சொன்ன அந்த நோட்டுதான் எல்லாமே. நான் புது வாழ்வு திட்டத்துல வேலை பார்த்தவன், கிராமத்து வறுமையைக் குறைக்க 2005-ல உலக வங்கி கடனுதவியோட வந்த அரசுத் திட்டம் அது. யாரு ஏழைன்னு ஆபீஸ்ல உக்காந்து எழுத மாட்டோம், மக்கள் நிலை ஆய்வுன்னு ஊரையே கூட்டி கோலப்பொடியில தெருத்தெருவா தரையில வரையச் சொல்லுவோம். ஒரு ஊர்ல வரைஞ்சு முடிச்சு எல்லாரும் எழுந்திருக்கறப்ப ஒரு பாட்டி நேரா நடுவுல வந்து ஏரிக்கரை ஓரமா விரலால ஒரு புள்ளி வெச்சு "அங்க ஒருத்தி ரெண்டு புள்ளைங்களோட குடிசையில கெடக்காளே, அவ ஊரு இல்லையா"ன்னு கேட்டாங்க. யாருகிட்டயும் பதில் இல்ல. அந்தப் பொண்ணு பேரை மிகவும் ஏழை லிஸ்ட்ல சேர்த்து கிராம சபையில படிச்சோம், திட்டத்துக்காக ஊர்ல அமைச்ச கிராம வறுமை ஒழிப்பு சங்கத்துல இருந்து ஆடு வாங்கக் கடன் குடுத்தாங்க, மூணாவது வருஷம் அந்தப் பொண்ணே ஒரு குழுவை நடத்தற ஊக்குநர். கடனை விட, ஊரு நடுவுல அவங்க பேரைச் சத்தமா வாசிச்சோமே, அதுதான் பெருசுன்னு நான் இன்னிக்கும் சொல்லுவேன்.

கிருஷ்ணகிரி தையல்:
நல்லது எல்லாம் சொல்லிட்டீங்க, இப்ப எங்க தெருவுல நடக்கறதையும் கேளுங்க. பழைய குழு மீட்டிங் போடறதையே விட்டுட்டாங்க, அந்த இடத்துல தனியார் வாரக்கடன் வந்து உக்காந்துடுச்சு. இதுலயும் பத்து பொம்பளைங்க சேர்ந்துதான் வாங்கறாங்க, ஆனா சேமிப்பும் இல்ல, நோட்டும் இல்ல, ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க தலையில விழும், ஒண்ணை அடைக்க இன்னொண்ணு, அதை அடைக்க மூணாவதுன்னு போய்ட்டே இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சல்ல படுத்திருக்கறப்ப வசூலுக்கு வந்தவர் ராத்திரி எட்டு மணி வரைக்கும் திண்ணையை விட்டு நகரல, புள்ளைங்க முன்னாடியே பேசக்கூடாததெல்லாம் பேசினார், எனக்கு அழுகையே வந்துடுச்சு. மிரட்டி வசூல் பண்ணா ஜெயில்னு 2025-ல தமிழ்நாட்டுல சட்டமே போட்டிருக்காங்க, அது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது, போலீஸ்ல எழுதிக் குடுங்க, பயப்படாதீங்க. நாங்க பன்னண்டு பேரு போன மாசத்துல இருந்து திரும்ப சந்தா கட்ட ஆரம்பிச்சிருக்கோம், முதல் உள்கடன் அந்த அக்காவுக்குத்தான். கணக்கு நோட்டு எழுதத் தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருந்தா சொல்லுங்க, எங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்.