முதல் தடவை ட்ராக் (drag) மேக்கப் போட்ட கதை: டெல்டாக்காரங்க சொல்லுங்க

அரிசிலாற்றங்கரை

ஐப்பசி அடைமழையில புருவத்துக்குப் பசை பூசினதுதான் நான் பண்ண முதல் தப்பு.

வீட்ல எல்லாரும் மன்னார்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. ரெண்டு நாள் வீடு என் கையில. ட்ராக்னா ஆம்பளை பொம்பளையாவும், பொம்பளை ஆம்பளையாவும் மிகையா மேக்கப் போட்டு வேஷம் கட்டுறது. ஆறு மாசமா வீடியோ பார்த்தே பழகின அந்த வித்தையை அன்னிக்கு மூஞ்சியில இறக்கிடலாம்னு உட்கார்ந்தேன்.

சாமான் வாங்கினதே தனிக் கதை. மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோர். ஃபவுண்டேஷன் கேட்டேன். "யாருக்கு தம்பி?" "அக்காவுக்கு." "அக்கா என்ன கலரு?" "என் கலர்தாண்ணே." என்னை ஒரு தடவை பார்த்துட்டு, ரெண்டு ஷேடு வெள்ளையா ஒண்ணை எடுத்துக் குடுத்தார். கல்யாணப் பொண்ணுங்களுக்கெல்லாம் அதுதான் போகுதாம். எனக்கு அக்காவே கிடையாது.

சொந்தப் புருவத்தை மறைக்கிறதுக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வாங்குற க்ளூ ஸ்டிக்கால புருவ முடியை மேல் பக்கமா படிய வச்சு, காய்ஞ்சதும் பவுடர் போட்டு, அதுக்கு மேல தோல் நிறத்துல இருக்குற கன்சீலர் பூசணும். நான் ஒரே பூச்சுல அப்பிட்டேன். அந்த ஈரக் காத்துல அது காயவே இல்ல. கன்சீலர் வைக்க வைக்க புருவம் அடை மாதிரி கிளம்பி வருது. அதுக்குள்ள கரண்ட் போச்சு. செல்போன் டார்ச்சைக் கண்ணாடியில சாய்ச்சு வச்சுக்கிட்டு மிச்சத்தை முடிச்சேன். இடது கண்ணு ஒட்டு இமைமுடி மட்டும் சரியா உட்கார்ந்துச்சு. வலது கண்ணையே திறக்க முடியல.

கரண்ட் வந்து பார்த்தா, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச திண்ணை, கழுத்து உழுது போட்ட வயல். சினிமா நடிகை மாதிரி வருவேன்னு நினைச்சேன். அச்சு அசல் எங்க பெரியத்தை. அவங்க கோவத்துல இருக்கும்போது.

ஆனாலும் அழிக்க மனசு வரல. அரை மணி நேரம் அந்தக் கோலத்துலயே கூடத்துல நடந்தேன். அப்புறம் தேங்காய் எண்ணெய், வெந்நீர். மறுநாள் அப்பா வந்து, "புருவத்துல என்னடா வெள்ளையா?"ன்னார். "விபூதிப்பா."

தவில்சத்தம்

விபூதி! சிரிச்சு மாளல தம்பி.

எங்க ஊர் மெலட்டூருக்குப் பக்கம். நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளா நாட்டிய நாடகம் நடக்கும்ல, அதுல பிரகலாதனோட அம்மா லீலாவதி வேஷம் கட்டுறதும் ஆம்பளைதான். ராத்திரி பூரா ஊரே உட்கார்ந்து பார்க்கும், ஒருத்தரும் முகம் சுளிச்சதில்ல. அதைப் பார்த்து வளர்ந்த நான், தஞ்சாவூர் ரூம்ல கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத்தான் முதல் தடவை பூசினேன்.

நான் பண்ண தப்பு வேற. ஸ்திரீ வேஷம் மாதிரி அளவா போட்டேன். அது பொம்பளைன்னு நம்ப வைக்கிற வேஷம். ட்ராக், வேஷம்னு தெரியணும்னே போடுறது. புருவம் நெத்தியில ஏறணும், இமை மடிப்பு இருக்குற இடத்துக்கு மேல வரையணும், கன்னத்து நிழல் பத்தடி தூரத்துல தெரியணும். நான் போட்டது ரெண்டுங்கெட்டான்.

பசையை மெல்லிசா பூசி ஃபேன்ல காய வைங்க. மறுபடி ஒண்ணு. நாலு பூச்சாவது வேணும். மழிச்ச தாடி நீலம் பாரிக்கும், ஃபவுண்டேஷனுக்கு முன்னாடி அங்க ஆரஞ்சு லிப்ஸ்டிக் தொட்டு அமுக்குங்க. நம்ம ஊர் வேர்வைக்கு பவுடரைத் தேய்க்காதீங்க, ஒத்துங்க.

ஆழித்தேர்

நான் பொண்ணு, போட்டது மீசை. திருவாரூர் லேடீஸ் ஹாஸ்டல்ல. புதுசா வாங்கின பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பர்ல கறுப்பு ஐ ஷேடோ தொட்டு தாடையில ஒத்தினா ரெண்டு நாள் தாடி வந்துரும். கும்பகோணம் பாலாமணி அம்மாள் நாடகக் கம்பெனியில அந்தக் காலத்துலயே பொம்பளைங்கதான் ராஜா வேஷமும் கட்டினாங்க. இதை வார்டன்கிட்ட சொல்லிப் பார்த்தேன். எடுபடல.

மேலவீதி

நான் திருநங்கை. கோவப்பட்டுச் சொல்லல, ஒரு வார்த்தை. நீங்க போடுறது வேஷம், ராத்திரி கழுவிடுவீங்க. நான் பொட்டு வச்சுக்கிட்டு பஸ் ஏறுறது வேஷம் இல்ல. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க. மத்தபடி அந்த ஆரஞ்சு விஷயம் நிஜம்தான்.

அரிசிலாற்றங்கரை

சரிங்கக்கா, மனசுல வச்சுக்கிறேன்.

தை பொறந்து, காத்து காய்ஞ்சப்புறம் ரெண்டாந்தடவை போட்டேன். புருவம் நின்னுச்சு. அதுக்கு முன்னாடி அதே கடைக்குப் போயிருந்தேன், இந்தத் தடவை உண்மையைச் சொல்லிடணும்னு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, "அக்காவுக்குத்தானே?"ன்னார் அண்ணன். ம்ன்னேன். நாலு பாட்டிலை எடுத்து வச்சு, ஒண்ணொண்ணாத் திறந்து, என் தாடையில கோடு இழுத்துப் பார்த்துக் குடுத்தார்.