ரீநைஸ் 19 போட்டும் மெஷின் திணறுகிறது. டாப் ஒரு எண், பிஎஸ் ஒரு எண் காட்டுகிறது. உதவி தேவை

நள்ளிரவு_நிரல்:
அவசரம். லினக்ஸ் சர்வரில் வீடியோ மாற்றும் வேலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது மற்ற வேலைகளுக்கு வழிவிடட்டும் என்று ரீநைஸ் கட்டளையில் 19 போட்டேன். பழைய ப்ரையாரிட்டி 0, புது ப்ரையாரிட்டி 19 என்று அதுவும் ஒத்துக்கொண்டது. ஆனாலும் என் பில்ட் (மூலநிரலைத் தொகுக்கும் வேலை) ஊர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி பார்ப்போம் என்று, ஓடும் வேலைகளைக் காட்டும் டாப் கட்டளை போட்டால் பிஆர் நெடுவரிசையில் 39. அதே மாதிரிக் கட்டளையான பிஎஸ்ஸில் சின்ன எல் போட்டால் பிஆர்ஐ 99. அதே பிஎஸ்ஸில் -ஓ பிஆர்ஐ என்று கேட்டால் 0. ஷெட்யூலிங் விவரம் சொல்லும் சிஎச்ஆர்டி -பி கேட்டால் அதுவும் ப்ரையாரிட்டி 0 என்கிறது. மேன் பக்கங்களில் (கட்டளைகளின் கையேட்டில்) எல்லா இடத்திலும் ப்ரையாரிட்டி, ப்ரையாரிட்டி, ப்ரையாரிட்டி. நான் கொடுத்தது 19 தானே? 99 என்றால் ரியல்டைம் (மற்றதையெல்லாம் முந்தி ஓடும் வகை) உச்சம் இல்லையா? தப்பித்தவறி அதைக் கொடுத்துவிட்டேனா? டீமுக்கு வேறு இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

(மொபைலில் தமிழ் விசைப்பலகை. கட்டளைகளை ஒலிப்பிலேயே தட்டியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பச்சைத்தவளை:
எந்த டிஸ்ட்ரோ? எத்தனை கோர்? என்ன மென்பொருள்? பில்ட் எதில் ஓடுகிறது, அதே மெஷினிலா? அப்டைம் வெளியீட்டையும் போடுங்கள். இது எதுவும் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

வட்டுவைத்தியர்:
சிபியு இல்லை சார், டிஸ்க். வீடியோ வேலை என்றாலே டிஸ்க்தான். டிஸ்க் வரிசையில் கடைசியாக நிற்க வைக்கும் ஐஓநைஸ் -சி 3 போட்டுப் பாருங்கள். நைஸ் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

மூத்தமுனையம்:
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. இருக்கட்டும், மறுபடியும் எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்தது நைஸ்னெஸ், சுருக்கமாக நைஸ். -20 முதல் 19 வரை போகும், எண் கூடக் கூட விட்டுக்கொடுக்கும். சாதாரண ப்ராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) டாப் அதோடு 20 கூட்டி பிஆர் என்று காட்டும், ஆகவே 39. பிஎஸ் சின்ன எல் 80 கூட்டிக் காட்டும், ஆகவே 99. -ஓ பிஆர்ஐ டாப்பின் பிஆரை 39லிருந்து கழித்துக் காட்டும், ஆகவே 0. அந்த ஒரு நெடுவரிசையில் மட்டும் திசை தலைகீழ், எண் பெரிதாக இருந்தால்தான் உசத்தி. கர்னலின் (லினக்ஸின் மையநிரல்) உள்ளே பார்த்தால் இதே ப்ராசஸ் 139இல் இருக்கும். நைஸ் 0 என்பது அங்கே 120, 100க்குக் கீழே இருப்பதெல்லாம் ரியல்டைமுக்கு.

சிஎச்ஆர்டி காட்டும் 0 வேறு விஷயம். அது ரியல்டைம் முன்னுரிமை. ஃபிஃபோ, ஆர்ஆர் என்ற இரண்டு ஷெட்யூலிங் பாலிசிகளில்தான் (சிபியு நேரத்தைப் பிரிக்கும் முறைகளில்தான்) அது 1 முதல் 99 வரை இருக்கும். உங்களுடையது ஷெட்_அதர் என்ற சாதாரண பாலிசி, அதில் எப்போதும் 0. எனவே பயப்பட வேண்டாம், நீங்கள் எதையும் ரியல்டைம் ஆக்கவில்லை. மேன் பக்கத்தில் ஷெட் என்ற தலைப்பு, 7ஆம் பிரிவு. ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படித்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

தேநீர்க்கோப்பை:
அண்ணே, விளக்கம் அருமை. ஆனால் அவர் கேட்டதில் பாதி, பில்ட் ஏன் ஊர்கிறது என்பது. அதற்குப் பதில் வரவில்லையே.

நள்ளிரவு_நிரல்:
8 கோர். எஃப்எஃப்எம்பெக் வீடியோ மென்பொருள், எக்ஸ்265 என்கோடர். பில்டும் அதே மெஷினில்தான், மேக் -ஜே8 கட்டளை (ஒரே நேரத்தில் எட்டு வேலை). டாப்பில் வீடியோ வேலை 400% (ஒரு கோர் 100%) சுற்றி நிற்கிறது. நைஸ் 19 என்றால் 5% கூட எடுக்கக் கூடாது இல்லையா?

பச்சைத்தவளை:
கோர் சும்மா இருந்தால் நைஸ் 19 கூட 100% எடுக்கும், அதில் தப்பில்லை. காலி பஸ்ஸில் யாருக்காக எழுந்து இடம் கொடுப்பது? போட்டி இருக்கும்போதுதான் நைஸுக்கு வேலை. ஒரே கோரில் நைஸ் 0 ஒன்றும் நைஸ் 19 ஒன்றும் மோதினால், கர்னலின் எடைக் கணக்குப்படி 1024க்கு 15. அதாவது இரண்டாவதற்கு ஒன்றரை சதவீதம் போலக் கிடைக்கும். நைஸ் 10 என்றால் எடை 110, பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

ஆனால் மேக் -ஜே8 எட்டு கோரையும் கேட்கும்போது இது 400% எடுக்கிறது என்றால் பாதிக்குப் பாதி. அதாவது 19 வேலை செய்யவே இல்லை. பில்ட் வேறு டெர்மினலிலா?

குழுவாதி:
அதேதான்! ஆட்டோகுரூப் என்ற கர்னல் வசதி. கர்னல் 2.6.38இல் வந்தது. ஒவ்வொரு செஷனையும் (ஒரு டெர்மினலில் ஓடுபவை) ஒரு குழுவாக்கி, குழுக்களுக்கு இடையில் சமமாகப் பிரிக்கும். நைஸ் என்பது அந்தக் குழுவுக்குள் மட்டும்தான் எடுபடும். ஒரு டெர்மினலில் 19, இன்னொன்றில் 0 என்றால் இரண்டுக்கும் பாதிப்பாதி. எத்தனை பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள் தெரியுமா? நைஸ் கட்டளையின் மேன் பக்கம் இதைப் பற்றி மூச்சு விடாது. ப்ராக் கோப்பகத்தில் உங்கள் ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே ஆட்டோகுரூப் என்று ஒரு கோப்பு இருக்கும், திறந்து பாருங்கள். அந்தக் கோப்பில் ஓர் எண்ணை எழுதினால் குழுவுக்கே நைஸ் வைக்கலாம்.

வட்டுவைத்தியர்:
டாப்பில் டபிள்யூஏ (டிஸ்க்குக்காகச் சிபியு காத்திருக்கும் சதவீதம்) எவ்வளவு என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. நான் சொன்னேன் டிஸ்க் என்று.

தேநீர்க்கோப்பை:
@வட்டுவைத்தியர் ஐஓ முன்னுரிமை தனியாக வைக்காவிட்டால் நைஸிலிருந்துதான் கணக்கிடப்படும். நைஸோடு 20 கூட்டி ஐந்தால் வகுத்தால் வருவது. 19க்கு அது 7, பெஸ்ட்-எஃபர்ட் என்ற வழக்கமான வகையில் அதுதான் கடைசி நிலை. அப்புறம், என்விஎம்இ எஸ்எஸ்டி வட்டில் பெரும்பாலும் ஐஓ ஷெட்யூலர் 'நன்' (எதுவும் இல்லை) என்று இருக்கும். அங்கே ஐஓநைஸ் என்ன சொன்னாலும் கேட்க ஆள் இல்லை.

வட்டுவைத்தியர்:
எல்லாரும் என்விஎம்இ வைத்திருக்கிறார்களா என்ன.

நள்ளிரவு_நிரல்:
ஒரே டெர்மினல்தான். எஃப்எஃப்எம்பெக்கை ஆம்பர்சண்ட் போட்டுப் பின்னால் தள்ளிவிட்டு அங்கேயே பில்ட் போட்டேன். டபிள்யூஏ 0.3. சொல்லவில்லையா நான்?

பச்சைத்தவளை:
சொல்லவில்லை :) ஒரே ஷெல் என்றால் ஒரே செஷன், ஆட்டோகுரூப் இங்கே குற்றவாளி இல்லை. டிஸ்க்கும் இல்லை.

குழுவாதி:
இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. என்னைக் கேட்டால் நைஸ் என்பதே போன தலைமுறைச் சாமான். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சிபியுவெயிட் இருக்கிறது, 1 முதல் 10000 வரை, இயல்பாக 100. அதில் ஒரு யூனிட்டாக (அது நிர்வகிக்கும் ஒரு வேலையாக) ஓட்டினால் இந்தத் தலைவலியே கிடையாது. ஆவணத்திலும் வெயிட் என்றுதான் எழுதியிருப்பார்கள், யாரும் குழம்ப மாட்டார்கள்.

மூத்தமுனையம்:
ஒரு முறை ஓட்டும் கட்டளைக்கு யூனிட் கோப்பு எழுதச் சொல்வது தற்காலத் தொற்று.

குழப்பத்துக்குக் காரணம் நைஸ் இல்லை, அதை விவரிக்கும் ஆவணங்கள். நைஸ் கட்டளை வரும் கோர்யூட்டில்ஸ் தொகுப்பின் கையேட்டில் நைஸ் பகுதியைப் படியுங்கள். நைஸ்னெஸ்ஸை ஷெட்யூலிங் ப்ரையாரிட்டியோடு குழப்பிக்கொள்ளாதே என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அது ஷெட்யூலருக்கு (சிபியு நேரத்தைப் பிரிக்கும் கர்னல் பகுதிக்கு) ஓர் ஆலோசனை மட்டும்தான், ஷெட்யூலர் அதைத் தள்ளிவிடலாம் என்றும் இருக்கிறது. போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை அமைப்புகளின் தரநிலை) சொல்லும் நைஸ் வேல்யூ இன்னொன்று: நைஸ்னெஸ்ஸுக்கும் அதன் கீழ் எல்லைக்கும் உள்ள இடைவெளி, எனவே மைனஸ் வராது, 0 முதல் 39 வரை. கவனித்தீர்களா, டாப்பின் பிஆர் நெடுவரிசையில் சாதாரண ப்ராசஸுக்கு வருவது அதே எண்தான். இவ்வளவு தெளிவாக ஒரு கையேடு இருக்க, யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் ரீநைஸ் பக்கம் முதல் வரியிலேயே ப்ரையாரிட்டியை மாற்றுகிறேன் என்கிறது. ஓட்டினால் புது ப்ரையாரிட்டி 19 என்று அச்சிடவும் செய்கிறது. கேட்டவர் குழம்பாமல் என்ன செய்வார்?

ரூட்டுத்தலை:
அதற்கு ரீநைஸ் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது அண்ணே. அடியில் கூப்பிடும் சிஸ்டம் காலின் (கர்னலுக்குப் போகும் அழைப்பின்) பெயரே செட்ப்ரையாரிட்டி. 4.2பிஎஸ்டி யூனிக்ஸில், அதாவது 1983இல் வைத்த பெயர். பாஷில் யூலிமிட் -ஏ போட்டுப் பாருங்கள், ஷெட்யூலிங் ப்ரையாரிட்டி என்று ஒரு வரி வரும், -இ தேர்வு. அது உண்மையில் நைஸை எதுவரை இறக்கலாம் என்ற வரம்பு, 20லிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். பெயர் கர்னல் பக்கத்திலிருந்தே அப்படித்தான் வருகிறது. மேன் பக்கத்தில் மட்டும் மாற்றி எழுதினால் செட்ப்ரையாரிட்டியைத் தேடுகிறவன் எங்கே போவான்?

மூத்தமுனையம்:
சிஸ்டம் காலின் பெயர் ஒன்று, அதை விளக்கும் வாக்கியம் இன்னொன்று. பயனருக்கு எழுதும் பக்கத்தில் நைஸ்னெஸ் என்று எழுதிவிட்டு, இதைச் செய்வது செட்ப்ரையாரிட்டி என்று ஒரு வரி சேர்த்தால் தேடுகிறவனுக்கும் கிடைக்கும்.

ரூட்டுத்தலை:
அப்படியானால் திருத்தி ஒரு பேட்ச் அனுப்புங்களேன். இங்கே திட்டுவதைவிட அது சுலபம்.

மூத்தமுனையம்:
எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அரைவேக்காடு:
ஒரு குறுக்குவழி: பில்டை சிஎச்ஆர்டி -எஃப் 99 போட்டு ஓட்டினால் பறக்காதா?

தேநீர்க்கோப்பை:
ஐயோ, செய்யாதீர்கள். ஃபிஃபோவில் ஓடுவது தானாக விடும்வரை சாதாரண ப்ராசஸ் எதற்கும் வழிவிடாது. எட்டு கோரிலும் கம்பைலரை 99இல் உட்காரவைத்தால் உங்கள் எஸ்எஸ்எச்சே பதில் சொல்லாமல் போகலாம். இப்படி ஆகக்கூடாது என்றுதான் கர்னல் வழக்கமாக ரியல்டைமுக்கு விநாடியில் 0.95 என்று வரம்பு வைத்திருக்கிறது. மீதி 0.05இல் நீங்கள் என்ன தட்டிவிட முடியும்?

பச்சைத்தவளை:
விஷயத்துக்கு வருவோம். @நள்ளிரவு_நிரல், முதல் பதிவில் ரீநைஸ் என்கிறீர்கள். எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கும்போதே நைஸ் போட்டீர்களா, அல்லது ஓட ஆரம்பித்த பிறகு ரீநைஸ் -பி போட்டீர்களா?

நள்ளிரவு_நிரல்:
ஓட ஆரம்பித்த பிறகுதான். இரண்டும் ஒன்றுதானே?

பச்சைத்தவளை:
இல்லை, இதோ கிடைத்துவிட்டது. போசிக்ஸ்படி நைஸ் முழு ப்ராசஸுக்கும் பொது. லினக்ஸில் அப்படி இல்லை, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு கிளைக்கும்) தனி. ரீநைஸ் -பி போட்டால் அந்த எண்ணுள்ள த்ரெட், அதாவது முதன்மை த்ரெட் மட்டும்தான் 19 ஆகும். எக்ஸ்265 ஏற்கெனவே பிறப்பித்து வைத்திருக்கும் வேலைக்கார த்ரெட்கள் எல்லாம் 0லேயே இருக்கும். உண்மையான உழைப்பு அவற்றில்தான். டாப் வழக்கமான பார்வையில் முதன்மை த்ரெட்டின் நைஸை மட்டும் காட்டி, எல்லா த்ரெட்டின் சிபியுவையும் கூட்டி 400% என்று பக்கத்தில் போடும். அதனால் பார்ப்பவருக்கு 19இல் இருக்கும் ஒன்று 400% தின்பது போலத் தெரியும்.

டாப்பில் பெரிய எச் அழுத்துங்கள், த்ரெட் த்ரெட்டாகப் பிரியும். நைஸைக் காட்டும் என்ஐ நெடுவரிசையைப் பாருங்கள். ஒன்று மட்டும் 19, மற்றவை 0 என்றால் இதுதான்.

சரிசெய்ய: ப்ராக்கில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே டாஸ்க் என்று ஒரு கோப்பகம் உண்டு. த்ரெட் எண்கள்தான் அதற்குள் பெயர்களாக இருக்கும். அங்கே சிடி செய்துகொண்டு, ரீநைஸ் -என் 19 -பி என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி போடுங்கள். எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். அடுத்த முறை தொடங்கும்போதே நைஸ் -என் 19 போட்டு ஓட்டினால் பிறக்கும் த்ரெட்கள் எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும், இந்த வேலை தேவையில்லை.

மூத்தமுனையம்:
நான் குறிப்பிட்ட 7ஆம் பிரிவுப் பக்கத்தில் இதுவும் இருக்கிறது.

தேநீர்க்கோப்பை:
இருக்கிறது அண்ணே. ஆனால் ரீநைஸ் பக்கத்தைத் திறப்பவருக்கு அங்கே போக வேண்டும் என்று எப்படித் தெரியும்?

டீமுக்கு எழுதும் பக்கத்துக்கு என் பங்கு: ப்ரையாரிட்டி என்ற சொல்லைத் தனியாக எங்கும் விடாதீர்கள். 19 என்று சொல்லும்போது நைஸ்னெஸ் என்றும், 39 என்று சொல்லும்போது டாப்பின் பிஆர் என்றும், 1–99 என்றால் ரியல்டைம் ப்ரையாரிட்டி என்றும் எழுதுங்கள். முதலில் பாலிசி என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள். ஷெட்_அதர், ஷெட்_பேட்ச் என்றால்தான் நைஸ் பற்றிய பேச்சு. ஷெட்_நார்மல் என்று எங்காவது பார்த்தால் அதுவும் ஷெட்_அதர்தான், கர்னல் மூலநிரலில் வைத்திருக்கும் பெயர். இன்னொரு வலை: நைஸ் -10 என்பது பழைய எழுத்துமுறை. முன்னால் இருப்பது மைனஸ் இல்லை, தேர்வுக்கோடு. அது நைஸைப் பத்து கூட்டும். எப்போதும் -என் போட்டே எழுதுங்கள்.

நள்ளிரவு_நிரல்:
பெரிய எச் அழுத்தினேன். ஒன்று 19, மற்றதெல்லாம் 0. நட்சத்திரம் போட்டதும் பில்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. நன்றி பச்சைத்தவளை. மீட்டிங், அப்புறம் வருகிறேன்.

குழுவாதி:
சிபியுவெயிட் வைத்திருந்தால் த்ரெட் எத்தனை இருந்தாலும் ஒரே அடியில் முடிந்திருக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பச்சைத்தவளை:
அது உண்மைதான், மறுக்கவில்லை.

மாம்பழச்சாறு:
இங்கேயே கேட்டுவிடுகிறேன். என்னுடையது ஆப்பிள் மேக். ரீநைஸ் -என் 5 போட்டேன், சரியாக இருந்தது. சந்தேகத்தில் மறுபடியும் அதையே போட்டால் 10 ஆகிவிட்டது. லினக்ஸில் இப்படி ஆகாதே?

ரூட்டுத்தலை:
அங்கே -என் என்றால் இருப்பதோடு கூட்டு என்று பொருள், போசிக்ஸ் சொல்வதும் அதுதான். லினக்ஸில் யூட்டில்-லினக்ஸின் ரீநைஸ், போசிக்ஸ்லி_கரெக்ட் என்ற சூழல் மாறி இல்லாதவரை -என்னுக்கும் எண்ணை அப்படியே வைக்கும். மேக்கில் -என் விட்டுவிட்டு வெறும் 5 கொடுங்கள், நேராக 5 ஆகும். ஆனால் 10லிருந்து கீழே இறக்குவதால் சூடோ (நிர்வாகி அனுமதி) வேண்டும்.